ஜனவரித் துளையில் மார்ச் மீன் இல்லை

ஜனவரி மூன்றாம் வாரம், உறைந்த ஒரு கனடிய ஏரியில், ஐஸில் துளை போட்டுத் தூண்டில் இறக்கி, மூன்று மணி நேரத்தில் 22 மஞ்சள் பெர்ச் மீன் பிடித்தோம். மார்ச் முதல் சனிக்கிழமை அதே இரண்டு பேர், அதே தூண்டில்களோடு, அதே இடத்தில், அதே ஆழத்தில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். ஒன்றுகூட இல்லை. அன்றைக்கே மத்தியானத்துக்குப் பிறகு, முந்நூறு மீட்டர் தள்ளி, ஒன்றரை மணி நேரத்தில் 34 மீன்.

மூன்று எண்ணிக்கைகளையும் அன்றிரவே குறித்து வைத்தேன். தூண்டில் போடுகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பிய நாளை 'இண்டைக்கு ராசியில்லை' என்று சொல்லி மூடிவிடுவார்கள். எனக்கு அப்படி விட மனம் வரவில்லை. அந்த மூன்றரை மணி நேரமும் தடயங்கள் எங்கள் காலடியில்தான் கிடந்தன. நாங்கள் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தோம்.

ஏரியும் மீனும்

ஏரி, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஹாலிபர்டன் பக்கத்துக் காட்டுக்குள் இருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன். சின்ன ஏரிக்காரர்களின் எழுதாத சட்டம் அது. ஏன் என்று பின்னால் வரும். டொரன்டோவிலிருந்து வடக்கே கிட்டத்தட்ட மூன்று மணி நேர ஓட்டம். அப்புறம் வண்டியைத் தெருவோரம் விட்டுவிட்டு, ஸ்லெட்டை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் நடை.

டொரன்டோவில் பெர்ச் என்றால் எல்லோரும் சிம்கோ ஏரிக்குத்தான் போவார்கள். அது 722 சதுர கிலோமீட்டர். குளிர்காலத்தில் ஐஸ் மேல் குடிசைகள் எழும்பி ஒரு ஊர்போல ஆகிவிடும். மீன் எங்கே என்று கேட்கவே தேவையில்லை, கூட்டம் இருக்கிற இடத்துக்குப் போனால் போதும். எங்கள் ஏரி 12 ஹெக்டேர், ஏறத்தாழ 30 ஏக்கர். நீளவாக்கில் அறுநூறு மீட்டர். கிழக்குக் கரை கருங்கல் சரிவு. மேற்கே கறுப்புச் சேறும் நீர்ப்பூண்டும் நிறைந்த ஒரு குடா, அதன் மூலையில் ஓர் ஓடை வந்து விழுகிறது. பக்கத்தில், பீவர் என்கிற நீர்விலங்கு அடுக்கிய குச்சி வீடு. நடுவில் கிண்ணம்போல ஒரு பள்ளம். ஆழம் 26 அடி. தண்ணீர் பால் விடாத தேநீர் நிறம், சுற்றியுள்ள சதுப்பிலிருந்து இறங்குகிற சாயம்.

பெர்ச் பெரிய மீனில்லை. ஒரு சாண் நீளத்தைத் தாண்டினால் நல்ல மீன் என்று சொல்லிக்கொள்ளலாம். பொன்மஞ்சள் உடம்பில் முதுகிலிருந்து வயிற்றுப்பக்கம் இறங்கும் ஆறு முதல் ஒன்பது கரும்பட்டைகள். முதுகில் இரண்டு செட்டைகள், முன்செட்டை முழுக்க முள். வெறுங்கையால் ஒருமுறை பிடித்தவர் மறுமுறை யோசித்துத்தான் பிடிப்பார். கூட்டமாகத் திரியும். பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்து இரை தேடுகிற மீன். இருட்டினால் அடியில் போய் அசையாமல் கிடக்கும். அதனால் பெர்ச்சுக்குப் போகிறவர்கள் இரவு முழுக்கக் காத்திருப்பதில்லை. காலை எட்டிலிருந்து மாலை ஐந்துக்குள் காரியம் முடிந்துவிடும்.

ஒரு சொல் விளக்கம். வானத்திலிருந்து விழுவதைப் பனி என்றும், ஏரி உறைந்து கிடப்பதை ஐஸ் என்றும் இங்கே எழுதுகிறேன். தமிழில் இரண்டையும் பனி என்றே சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்த ஏரியில் அன்று நடந்ததில் இரண்டுக்கும் வேறு வேறு வேலை.

ஜனவரியில் எப்படிக் கிடைத்தது

தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் இலேசாகி மேலே வரும். ஆகவே உறைந்த ஏரியில் ஐஸை ஒட்டிய தண்ணீர் 0 பாகைக்குப் பக்கத்திலும், அடித்தண்ணீர் 4 பாகைக்குப் பக்கத்திலும் நிற்கும். கோடைக்கு நேர் எதிர்: குளிர்காலத்தில் கதகதப்பு அடியில். பெர்ச் தின்கிற இரத்தப்புழுக்களும் ஈசல்போன்ற நீர்ப்பூச்சிகளின் குஞ்சுகளும் அந்த அடிச்சேற்றில்தான். மீன் அங்கே இறங்குவதில் ஆச்சரியமில்லை.

ஜனவரியில் ஐஸ் 25 சென்டிமீட்டர், கண்ணாடிபோலக் கறுத்த ஐஸ். மேலே பனி ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை, காற்று அடித்துக்கொண்டு போயிருந்தது. குடாப் பக்கம் நடக்கும்போது ஐஸுக்குள் வெள்ளை வெள்ளையாய்த் தட்டுகள், தோசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினதுபோல. சேற்றிலிருந்து கிளம்பிய வாயுக் குமிழிகள் மேலே வந்து, அப்படியே உறைந்துபோனவை. அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்தேன். அந்தச் சேற்றில் எவ்வளவு பொருள் அழுகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சி என்பது அப்போது உறைக்கவில்லை.

நடுப்பள்ளத்தில், 24 அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் 22 மீன். பிடித்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டேன். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

மார்ச் காலை

கூட வந்தவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், பருத்தித்துறைக் கடலைப் பார்த்து வளர்ந்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கனடாவுக்கு வந்து முப்பது வருடம். ஆனாலும் தூண்டில் நரம்பை இன்னும் தங்கூசி என்பார், ஐஸ் உடைக்கிற இரும்புக் கம்பியை அலவாங்கு என்பார். அவரோடு போய்ப் போய் எனக்கும் அதே சொற்கள்.

ஏழரை மணிக்கு ஏரியில் கால் வைத்தோம். குளிர் மைனஸ் 14. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை பனி, அளந்தபோது 35 சென்டிமீட்டர். பிப்ரவரியில் இரண்டு பெரும் பனிப்பொழிவு. அந்தப் பாரத்தில் ஐஸ் கொஞ்சம் அமிழ்ந்து, வெடிப்புகள் வழியே தண்ணீர் மேலேறி, பனியோடு கலந்து கூழாகி, திரும்ப உறைந்திருந்தது. நடக்கும்போது அங்கங்கே காலடியில் அந்தக் கூழ் சளக் சளக்கென்றது. முதல் துளை போட்டு அளந்தால் மொத்தம் 52 சென்டிமீட்டர். மேல் 20 பால்வெள்ளை, கீழ் 32 கறுப்பு. வெள்ளை ஐஸுக்குக் கறுப்பு ஐஸின் பாதி பலம்தான் என்று கணக்கு வைத்துக்கொள்வது வழக்கம். அப்படிப் பார்த்தாலும் 42. ஒருவர் நடக்க நல்ல கறுப்பு ஐஸ் 10 சென்டிமீட்டர் போதும் என்பார்கள், கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் 15 என்கிறது. எப்படிப் பார்த்தாலும் பயமில்லை என்று நினைத்தோம். நடு ஏரிக்கு அது சரி.

ஜிபிஎஸ் காட்டிய இடத்துக்கே நேராகப் போனோம். ஆறு அங்குலக் கை ஆகர், அதாவது திருகித் துளைக்கிற கருவி. 52 சென்டிமீட்டரைக் கையால் துளைப்பது உடம்புக்கு நல்லது என்று அண்ணை சொல்வார், ஆகர் என் கையில் இருக்கும்போது. பக்கத்துப் பக்கத்தில் நான்கு துளை. ஒன்றில் பிளாஷரின் உணரியை இறக்கினேன். ஒலியலை அனுப்பி, தரையையும் இடையில் இருப்பதையும் வட்டமுகப்பில் வண்ணக் கோடுகளாகக் காட்டுகிற சோனார் அது. தரை 24 அடியில் சிவப்புக் கோடு. அதற்கு மேலே இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பச்சையும் மஞ்சளுமாய் மினுமினுப்பு.

"மீன் நிக்குது அண்ணை."

"நிக்கட்டும். எட்டு மணிதானே. கண் முழிச்ச உடன சாப்பிடுமே?"

மூன்று மில்லிமீட்டர் டங்ஸ்டன் ஜிக், அதாவது தூண்டில்முள் பதித்த உலோகக் குண்டு; மூன்று பவுண்ட் பாரம் தாங்கும் தங்கூசி; முள்ளில் ஒரு மெழுகுப்புழு. டங்ஸ்டன் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தி. பொட்டுப்போல இருந்துகொண்டே கிடுகிடுவென்று இறங்கும். ஒன்டாரியோவின் பெரும்பாலான ஏரிகளில் ஐஸ் மேல் ஒருவருக்கு இரண்டு தூண்டில் வைக்கலாம், இரண்டும் கண்ணுக்குத் தெரிய, 60 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது தூண்டிலில் உயிருள்ள மின்னோ மீன்குஞ்சு ஒன்றைக் கோத்து அடிக்கு விட்டேன். வழியில் அதே வட்டாரக் கடையில் வாங்கியது.

எட்டரை. ஒன்பது. மினுமினுப்பு அப்படியே நின்றது. ஜிக்கை ஆட்டினால் விலகவுமில்லை, கிட்ட வரவுமில்லை. மஞ்சள் ஜிக்கை மாற்றிச் சிவப்பு ஜிக் போட்டுப் பார்த்தோம், புழுவைப் புதுசாக மாற்றினோம், ஜிக்கைத் தரையில் தட்டித் தூக்கினோம். தட்டித் தூக்குகிற வேலையில் ஒருமுறை ஜிக் சேற்றில் புதைந்து, கறுப்பாய் ஒரு கட்டியோடு மேலே வந்தது. விரலால் வழித்தேன். அழுகிய முட்டை நாற்றம். பனியில் துடைத்துவிட்டுத் திரும்ப இறக்கினேன்.

பத்து மணிக்குக் கைகள் விறைத்து, பிளாஸ்கைத் திறந்து பிளேன்டீ குடிக்கும்போது அண்ணை இரண்டாவது தூண்டிலை இழுத்துப் பார்த்தார். மின்னோ செத்திருந்தது. வாய் திறந்து, செவுள் விரிந்து. குளிர் தாங்கவில்லையாக்கும் என்று வேறொன்றைக் கோத்தேன். வாளிக்குள் மற்றவை ஐஸ்த்தண்ணீரில்தான் துள்ளிக்கொண்டிருந்தன. அதுவும் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. இருபது நிமிடம் கழித்து எடுத்தால் அதுவும் செத்திருந்தது.

மூன்றாவதையும் கோக்கப் போனேன். அண்ணை கையைப் பிடித்தார்.

"நில் தம்பி. முள்ளாலயோ சாகுது? முதுகிலதானே குத்தின்னீ."

"பின்ன என்ன?"

"கடல்ல ஒரு இடம் பிழைச்சா மீன் வேற பக்கம் போயிடும். இது குளம். சுத்திவரக் கல்லு. பக்கத்தால போகேலாது. அப்ப மேலதான் போயிருக்கும்."

மூன்றாவது மின்னோவைப் பத்தடியில் நிறுத்தினோம். கால் மணி நேரம். உயிரோடு வந்தது. நான்காவதை மறுபடி அடிக்கு விட்டோம். செத்து வந்தது. ஒரு மீன்குஞ்சு வீணானதுதான், ஆனால் அன்றைய நாளில் உருப்படியாகச் செய்த முதல் வேலை அது. மணி பதினொன்று.

பனி செய்த வேலை

ஏரி உறைந்த பிறகு காற்று தண்ணீரைத் தொடுவதில்லை. ஐஸ் மூடிய அன்று தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன்தான் வசந்தம் வரைக்குமான கையிருப்பு. வெளியிலிருந்து வரவு என்றால் இரண்டே வழி: ஓடை கொண்டுவருவது, ஐஸ் வழியே வெளிச்சம் இறங்கினால் பாசியும் நீர்ப்பூண்டும் உண்டாக்குவது. செலவோ நிற்பதில்லை. கோடையில் வளர்ந்து செத்த நீர்ப்பூண்டு, இலை, சேறு எல்லாம் அடியில் மெல்ல அழுகும். அழுகுவதற்கு ஆக்சிஜன் வேண்டும். அது அடியிலிருந்து தீர ஆரம்பித்து, ஆக்சிஜன் இல்லாத அடுக்கு தரையிலிருந்து மேலே ஏறிக்கொண்டு வரும். பெரிய ஆழமான ஏரியில் கையிருப்பு அதிகம், அதனால் அவ்வளவாகத் தெரியாது. 12 ஹெக்டேர்க் குட்டையில் வாரா வாரம் தெரியும்.

ஜனவரியில் கறுப்பு ஐஸ் ஜன்னல்கண்ணாடிபோல வெளிச்சத்தை விட்டது. பிப்ரவரிப் பனி அந்த ஜன்னலுக்குக் கம்பளி போட்டு மூடிவிட்டது. 35 சென்டிமீட்டர் பனியும் 20 சென்டிமீட்டர் பால் ஐஸும் சேர்ந்தால் கீழே கிட்டத்தட்ட இருட்டு. வரவு நின்றது, செலவு தொடர்ந்தது. நாங்கள் போன அன்று அடித்தண்ணீரில் மீன் மூச்சு விட முடியாது. ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தத்தளிக்கும். பெர்ச் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். எங்களிடம் ஆக்சிஜன் மானி எதுவும் கிடையாது. இரண்டு டாலர் மின்னோவும் சேற்று நாற்றமும்தான் மானி. ஆக்சிஜன் இல்லாத சேற்றில்தான் அந்த முட்டை நாற்ற வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, உண்டாகும்.

அப்படியானால் பிளாஷரில் மினுமினுத்தது என்ன? இதற்கு உறுதியான பதில் கிடையாது, இரண்டு சந்தேக நபர்கள் உண்டு. ஒன்று, சேற்றிலிருந்து கிளம்பும் வாயுக் குமிழிகள். மற்றது, கண்ணாடிப்புழு எனலாம்படி உடம்பு முழுக்கத் தெளிந்து தெரியும் புழு, கேயோபோரஸ் என்கிற கொசுபோன்ற பூச்சியுடையது. அது ஆக்சிஜன் அற்ற தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். மீன் வர முடியாத இடம் என்பதால் அங்கேயே ஒளிந்துகொள்ளும். உடம்பில் குட்டிக் காற்றுப்பைகள் இருப்பதால் சோனாரில் பளிச்சென்று தெரியும். எதுவானாலும் சரி, மீனில்லாத இடத்தின் அடையாளத்தையே மீன் என்று வாசித்திருக்கிறோம். பெர்ச் கூட்டம் வந்தால் கோடுகள் ஏறும், இறங்கும், ஜிக்கை நோக்கி ஓடிவரும், திரும்பும். மூன்று மணி நேரம் அசையாமல் நிற்கிற கோடு மீனாக இருக்க வாய்ப்பேயில்லை. எனக்கு அது தெரியாத விஷயமும் இல்லை.

ஓடை வாய்

எங்கே தேடுவது என்று யோசித்தோம். ஓடைத் தண்ணீர் வழியெல்லாம் கல்லில் விழுந்து காற்றைக் கலந்துகொண்டு வரும். அது 0 பாகைக்குப் பக்கத்துக் குளிர். ஏரியின் 4 பாகை அடிநீரைவிட இலேசு. அதனால் கீழே இறங்காமல் ஐஸின் அடிவயிற்றை ஒட்டி விரியும். மூச்சு முட்டுகிற மீன் அந்தப் பக்கம்தான் நகரும். மேற்குக் குடா என்று முடிவானது.

பிரச்சினை என்னவென்றால், ஓடும் தண்ணீர் ஐஸை அடியிலிருந்து தின்னும். மேலே முழங்கால் பனி இருந்தால் எங்கே மெலிந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பனி போர்வைபோல வெப்பத்தையும் அடக்கி வைக்கும், அதனால் அதன் கீழே ஐஸ் தடிப்பதும் குறைவு. இருவர் கழுத்திலும் ஐஸ் ஆணி தொங்கியது. விழுந்தால் குத்திப் பிடித்து ஏறுவதற்கான இரண்டு கூர்முனைக் கைப்பிடிகள். அண்ணை முன்னால், அலவாங்கோடு. ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு குத்து. நான் பத்து மீட்டர் பின்னால், கையில் கயிறு.

டக். டக். டக். நடு ஏரியில் அலவாங்கு கல்லில் பட்டதுபோலத் துள்ளும். குடாவுக்குள் நுழைந்ததும் ஓசை கொஞ்சம் தடித்தது. பீவர் வீடு நாற்பது மீட்டரில் தெரிந்தது. டக். டக். அப்புறம் ஓசையே இல்லை. அலவாங்கு ஒரே குத்தில் கைப்பிடி வரை இறங்கியது. இழுத்தபோது துளையில் கறுப்புத் தண்ணீர் எழும்பிப் பனியில் பரவியது.

அண்ணை ஒரு சொல்லும் பேசவில்லை. திரும்பவுமில்லை. வந்த காலடித்தடத்திலேயே ஒவ்வொரு காலாகப் பின்னால் வைத்து நடந்து வந்தார். என் பக்கத்தில் வந்த பிறகுதான் மூச்சு விட்டார். "அங்காலை வேண்டாம்" என்றார். 42 சென்டிமீட்டர் பலம் என்று காலையில் போட்ட கணக்கு ஒரே ஏரியின் மறுமூலையில் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை.

அங்கிருந்து ஏரிப்பக்கமாக ஐம்பது மீட்டர் விலகி, முப்பது சென்டிமீட்டருக்கு மேல் ஐஸ் இருப்பதைத் துளைத்து உறுதிசெய்துகொண்டு தேட ஆரம்பித்தோம். ஆழம் குறைந்தால் சோனார் பார்க்கிற வட்டமும் குறுகும். 20 பாகைக் கூம்பு 24 அடியில் எட்டரை அடி அகல வட்டத்தைப் பார்க்கும். ஒன்பதடித் தண்ணீரில் மூன்றடிக்குக் கொஞ்சம் மேல். பாய் அளவுகூட இல்லை. அதனால் இங்கே ஒரு துளையில் காத்திருப்பதில் பயனில்லை, நிறையத் துளை வேண்டும். பத்துக் காலடிக்கு ஒன்று என்று போட்டோம். நான் துளைக்க, அண்ணை கரண்டியால் ஐஸ் கூழை அள்ளிவிட்டுப் பிளாஷரை இறக்கிப் பார்த்து, இல்லையென்று தலையாட்டுவார். ஒரு துளைக்கு அரை நிமிடம்தான். தரைக் கோடு மட்டுமென்றால் அடுத்தது. காலையில் போட்ட நான்கையும் சேர்த்து அன்றைய மொத்தம் 31 துளை. என் தோள்பட்டை இரண்டு நாள் பேசியது.

இருபத்தேழாவது துளையில் அண்ணை தலையாட்டவில்லை. குனிந்தபடியே கையை மட்டும் நீட்டினார், தூண்டிலைத் தா என்று.

ஒன்பதடித் தண்ணீர், செத்த நீர்ப்பூண்டுத் திட்டின் விளிம்பு. தரை வெறுமை. ஐஸுக்குக் கீழே நாலடியில் தடித்த கோடு ஒன்று, அது அசைந்துகொண்டே இருந்தது. ஜிக் அங்கே போய்ச் சேரவில்லை, பாதி வழியில் கோடு எழும்பி வந்து அதோடு ஒட்டிக்கொண்டது. தூண்டில் நுனியில் பெர்ச்சின் கடி பெரிதாகத் தெரியாது. யாரோ நூலை விரலால் ஒருமுறை தட்டியதுபோல, அவ்வளவுதான். சில சமயம் நுனி கீழே போகாமல் மேலே எழும்பும். மீன் ஜிக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். முதல் மீன் பனியில் விழுந்து துள்ளியது, ஒன்பது அங்குலம், வயிறு பானைபோல. மணி ஒன்று ஐந்து. அடுத்த நாலு துளையும் அதைச் சுற்றியே போட்டோம். இரண்டரை வரைக்கும் பேச நேரமில்லை.

வயிற்றுக்குள்

வீட்டில் கழுவும்போது இரைப்பைகளைப் பிளந்து பார்ப்பது என் பழக்கம். ஜனவரி மீன்களின் வயிற்றில் சிவப்பு நூல்போன்ற இரத்தப்புழுக்கள், பூச்சிக் குஞ்சுகள், கொஞ்சம் சேறு. மார்ச் மீன்களில் சேறு ஒரு பொட்டுக்கூட இல்லை. ஆரஞ்சு நிறக் கூழ் மட்டும், தண்ணீரில் மிதக்கும் பொடி மிதவைப் பூச்சிகள், உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கறுப்புப் புள்ளிக் கண்கள். இரண்டு மீனில் தும்பிக் குஞ்சு, அது நீர்ப்பூண்டில் ஒட்டியிருப்பது. வாரக் கணக்காக இந்த மீன்கள் அடிக்கு இறங்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

இரண்டு மீனின் சதையில் அரிசிபோல மஞ்சள் புழுக்கட்டி. கொக்கு இனப் பறவை, நத்தை, மீன் என்று சுற்றுகிற ஒட்டுண்ணி அது. நத்தை நிறைந்த ஆழமற்ற ஏரிகளில் சகஜம். நன்றாக வேகவைத்தால் ஆளுக்கு ஒன்றும் செய்யாது. அண்ணை வீட்டு அக்கா அதைக் கண்டதும் இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டார். வாதாடவில்லை.

எங்கே பிசகினோம்

தவறுகளைச் சம அளவில் பங்குபோட முடியாது. பெரும்பங்கு அந்த ஜிபிஎஸ் புள்ளிக்கு. ஒருமுறை மீன் கிடைத்த இடம் மனதுக்குள் 'மீன் இடம்' ஆகிவிடுகிறது. ஏழு வாரத்துக்கு முன்பு அங்கே ஏன் மீன் இருந்தது என்று கேட்டிருந்தால், கறுப்பு ஐஸ், வெளிச்சம், அடியில் ஆக்சிஜன், அடியில் இரை என்று காரணம் வந்திருக்கும். முழங்கால் பனியில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வரும்போதே அதில் பாதி இல்லையென்று தெரிந்திருக்கும். பிளாஷர் இந்தத் தவறுக்கு முட்டுக் கொடுத்தது. அது இல்லாமலே இருந்திருந்தால் ஒன்பதரைக்கே எழும்பியிருப்போம் என்று நினைக்கிறேன்.

சேற்று நாற்றத்தைப் பனியில் துடைத்துப் போட்டது என் தனிப்பட்ட பங்கு. செத்த மின்னோவுக்குக் குளிர் காரணம் என்று சொன்னதும் நான்தான்.

ஓடை வாய்ப் பக்கம் போனது தவறா என்று அண்ணையோடு இன்னும் உடன்பாடு வரவில்லை. அலவாங்கு இருந்தது, அது தன் வேலையைச் செய்தது என்கிறார் அவர். பீவர் வீடும் ஓடையும் சேர்ந்த மூலைக்கு நாற்பது மீட்டர் வரை கிட்டப் போனதே அதிகம் என்பது என் கட்சி. பீவர் தன் வாசலுக்கும் இரைக்கும் போய்வந்து நீந்துகிற பாதையில் ஐஸ் எப்போதும் மெலிந்திருக்கும். கடைசியில் மீன் கிடைத்த இடமும் அங்கிருந்து ஏறக்குறைய நூறு மீட்டரில், திடமான ஐஸில்தான்.

எத்தனை எடுப்பது

34 பிடித்து 18 எடுத்தோம். அந்த மண்டலத்தில் சாதாரண உரிமம் உள்ளவர் ஒருவர் 50 பெர்ச் வரை எடுக்கலாம். இருவருக்கு நூறு. அந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்கான ஏரிகள் உள்ள பெரிய மண்டலம் முழுவதற்கும் போட்டது. மூச்சுவிட ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கிற ஒரு குட்டையின் மீன் கூட்டத்துக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. மார்ச்சில் பெரிய பெர்ச் என்றால் அநேகமாகப் பெண்மீன், வயிறு நிறையச் சினை. பெண்தான் பெரிதாக வளரும். நாலு வார இறுதிகளில் நாலு பேர் இந்த மூலையைக் கண்டுபிடித்தால், மிஞ்சுவது விரல் நீள மீன்கள்தான். ஏரியின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

விட்ட மீன்கள் பிழைத்ததற்கும் ஆழம் குறைவாயிருந்ததுதான் காரணம். பெர்ச்சின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் இடையே குழாய் கிடையாது. ஆழத்திலிருந்து சட்டென்று இழுத்தால் உள்ளே காற்று விரிந்து இரைப்பை வாய்வழி பிதுங்கும். ஜனவரியில் 24 அடியிலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு அப்படி ஆனது. அவற்றை விடுவதில் அர்த்தமில்லை, வாளிக்குத்தான். மார்ச்சில் நாலடியிலிருந்து வந்தவை துளையில் தலை பட்டதுமே வாலை உதறிக்கொண்டு போய்விட்டன.

மிஞ்சிய மின்னோக்களைத் துளையில் கொட்டிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். ஒன்டாரியோவில் இரை வாளியை, அதன் தண்ணீரைக்கூட, நீர்நிலையிலோ அதற்கு 30 மீட்டருக்குள்ளோ கொட்டுவது சட்டவிரோதம். புரூக் டிரவுட் என்கிற மீன் மட்டும் வாழ்ந்த எத்தனையோ காட்டு ஏரிகளில் பெர்ச்சே அப்படி வாளி வழியாக நுழைந்து, டிரவுட்டின் இரையைத் தின்று தீர்த்திருக்கிறது. எங்கள் மிச்சத்தைத் தெருவோரம் வரை தூக்கிவந்து பனியில் போட்டோம். காகம் பார்த்துக்கொண்டது.

குப்பைக்குப் போன இரண்டு போக மிச்சம் 16 மீனையும் தோலுரித்து, மஞ்சளும் தூளும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் பிரட்டிப் பொரித்தார் அக்கா. பெர்ச் சதை வெள்ளை, இனிப்பு, முள் குறைவு. சினையைத் தனியே வெங்காயத்தோடு வறுத்தார். அதைத் தின்னும்போது எடுத்தது 18தானா, இன்னும் குறைத்திருக்கலாமா என்று கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் தட்டைக் காலி செய்தேன்.

மே

ஐஸ் போன பிறகு, மே இரண்டாம் வாரம், மீன் பிடிக்க அல்ல, பார்க்க மட்டும் போனோம். குளிர்காலத்தில் மூச்சு முட்டிச் செத்த மீன் வசந்தத்தில் கரை ஒதுங்கும். மேற்குக் குடாவைச் சுற்றி நடந்து எண்ணினோம். பம்ப்கின்சீட் என்கிற சூரியமீன் பதினொன்று, பாஸ் என்கிற மீனின் குஞ்சு மூன்று. இந்த இரண்டும் பெர்ச்சுக்கு முன்னால் சாகிறவை. செத்த பெர்ச் ஒன்றும் கண்ணில் படவில்லை.

ஓடை வாயில், மார்ச்சில் அலவாங்கு இறங்கிய இடத்துக்குக் கிட்ட, தண்ணீரில் சாய்ந்து கிடந்த ஆல்டர்க் கிளைகளில் ஏதோ வெண்மையாகத் தொங்கியது. குனிந்து பார்த்தால் பெர்ச் முட்டைச் சரம். மற்ற மீன்களைப்போல முட்டையைச் சிதறவிடாமல், ஆர்மோனியத் துருத்திபோல மடிப்பு மடிப்பான ஒரே நாடாவாக இடும். சளிபோல வழவழப்பு, ஒரு முழத்துக்கு மேல் நீளம், ஒவ்வொரு மணிக்குள்ளும் இரண்டு கறுப்புக் கண்கள். அண்ணை சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, அந்தக் குளிர் தண்ணீரில் இறங்கி, கிளை கிளையாய்த் தொடாமல் எண்ணிக்கொண்டு போனார்.

"ஒன்பது" என்றார் அங்கிருந்து. கொஞ்சம் நகர்ந்து, "பொறு, அங்காலையும் கிடக்குது."